காணாத பொன்னின் கணக்கு

ஒரு தாதுப் படிவில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று சொல்ல மூன்று அளவுகள் போதும்: படிவின் கன அளவு, அந்தப் பாறையின் அடர்த்தி, ஒரு டன் பாறையில் சராசரியாக எவ்வளவு உலோகம் உள்ளது என்பதைக் குறிக்கும் தரம். 500 மீட்டர் நீளமும் 200 மீட்டர் ஆழமும் 1 மீட்டர் தடிமனும் கொண்ட ஒரு பொன் ரீஃபின், அதாவது பொன் தாங்கிய பாறைப் பட்டையின், கன அளவு 1,00,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 2.7 டன் எடை எனக் கொண்டால் தாது 2,70,000 டன். டன்னுக்கு 8 கிராம், அதாவது ஒரு டன் கல்லில் ஒரு பவுன் பொன் என்று வைத்தால், அந்தப் பட்டைக்குள் 2,160 கிலோ பொன் அடங்கியிருக்கிறது. பள்ளி மாணவரும் போட்டுவிடக்கூடிய இந்தப் பெருக்கலில் கடினம் ஏதுமில்லை; பெருக்கப்படும் எண்களில்தான் எல்லாக் கடினமும் இருக்கிறது. பட்டை 200 மீட்டர் ஆழம் வரை அறுபடாமல் செல்கிறதா, அதன் தடிமன் எங்கெங்கே குறுகுகிறது, 1,25,000 பங்கு கல்லுக்கு ஒரு பங்காகச் சிதறிக் கிடக்கும் பொன் எந்த ஒழுங்கில் பரவியிருக்கிறது என்பவற்றை, கல்லை முழுவதும் வெட்டி எடுத்து அரைத்து முடிக்கும் நாள்வரை எவரும் அறிய முடியாது. ஆனால் சுரங்கம் தோண்டுவதா வேண்டாமா என்ற முடிவை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்தாக வேண்டும்.

இந்த இடைவெளியைக் கடப்பதற்கு மனிதர் கற்றுக்கொண்ட முறைகளின் வரலாறு, 1880களில் லண்டன் மூலதனத்தால் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த மூன்று பொன் வயல்களில் தெளிவாகத் தெரிகிறது. இன்று நீலகிரி மாவட்டத்தில் அடங்கும் தேவாலா, பந்தலூர்ப் பகுதியையும் உள்ளடக்கிய தென்கிழக்கு வயநாடு அவற்றுள் ஒன்று. மைசூர் அரசின் கோலார் மற்றொன்று. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட், சுருக்கமாக ராண்ட், மூன்றாவது. முதலாவதில் மதிப்பீடு பொய்த்தது; இரண்டாவதில் மதிப்பீடு கைவிட்ட இடத்தைப் பிடிவாதம் காப்பாற்றியது; மூன்றாவதில் மதிப்பீடு ஒரு கணித அறிவியலாக வளர்ந்தது.

வயநாட்டின் ஓடைமணலை மரத்தட்டுகளில் அரித்துப் பொன் துகள் எடுப்பது உள்ளூர் மக்களின் பழைய தொழில். ஆற்றில் பொன் இருந்தால் மலையில் அதன் தாய்ப்பாறை இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 1870களில் அங்குள்ள வெண்படிகக்கல் ரீஃப்களை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சோதிக்கத் தொடங்கினர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1875-இல் அந்தப் பகுதியைப் பற்றி அறிக்கை அளித்தார். அதன்பின், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரோ ஸ்மித் 1879-இல் அரசின் அழைப்பின்பேரில் வந்து ரீஃப்களைப் பார்வையிட்டு நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றைத் தந்தார். இலைத்துரு நோயாலும் தண்டு துளைப்பானாலும் காப்பி பட்டுப்போய்க் கொண்டிருந்த காலம் அது. காப்பி விளையாத தோட்டத்தைப் பொன் விளையும் நிலமாக விற்பதற்குத் தோட்ட உரிமையாளர்கள் ஆயத்தமாக இருந்தனர், வாங்குவதற்கு லண்டன் பங்குச் சந்தையும் ஆயத்தமாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் பல பத்து நிறுவனங்கள் பதிவாயின. கல்லை இடிக்கும் கனமான உலக்கை ஆலைகள் மலைப்பாதைகளில் இழுத்து ஏற்றப்பட்டன. அரைத்துப் பார்த்தபோது டன்னுக்குச் சில பென்னிவெயிட் பொன்னே கிடைத்தது. ஒரு பென்னிவெயிட் என்பது டிராய் அவுன்ஸில் 20-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 1.56 கிராம். சில ஆண்டுகளில் எல்லாம் ஓய்ந்து, ஆலைகள் காட்டுக்குள் துருப்பிடித்தன.

தேவாலாவில் பொன் இல்லாமல் இல்லை. பொன் உள்ள கல் எது என்று தேடிய கண்ணே கணக்கைக் கெடுத்தது. ரீஃப் நிலத்துக்கு மேலே தலைகாட்டும் இடத்தில், பல்லாயிரம் ஆண்டு மழையும் வெயிலும் பாறையின் மற்றக் கனிமங்களைக் கரைத்துக் கொண்டுபோய்விட, கரையாத பொன் அங்கேயே தங்கிச் செறிந்துவிடுகிறது. ஆகவே மேற்பரப்புக் கல்லின் தரம் ஆழத்தில் உள்ள கல்லின் தரத்தைவிட இயல்பாகவே உயர்ந்திருக்கும். அதோடு, கையில் எடுக்கும் கல்லைத் தேர்ந்தெடுத்து எடுக்கும்போது, மின்னும் கல்லையே கை நாடும். அப்படி எடுத்த கல்லை எத்தனை நேர்மையாக உருக்கிச் சோதித்தாலும், சோதனை அந்தக் கல்லைப் பற்றிய உண்மையைத்தான் சொல்லும், மலையைப் பற்றிய உண்மையைச் சொல்லாது. உரைகல்லில் குற்றமில்லை, உரைக்கக் கொண்டுவந்த பொன் எங்கிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்பார் இல்லாமல் போனதே குற்றம்.

அதே ஆண்டுகளில், அதே லண்டன் சந்தையிலிருந்து பணம் பெற்ற கோலாரிலும் முதல் முயற்சிகள் தோல்வியையே தந்தன. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் மேலாண்மையில் இருந்த மைசூர் நிறுவனத்தின் மூலதனம் 1883-84 வாக்கில் ஏறத்தாழத் தீர்ந்துவிட, பங்குதாரர் பலர் மூடிவிடலாம் என்றே கருதினர். எஞ்சிய தொகையைக் கொண்டு இன்னும் ஒருமுறை முயல்வதென்று முடிவாகி, பண்டைக்காலச் சுரங்கக்காரர்கள் தோண்டிவிட்டுப் போயிருந்த பள்ளங்களுக்குக் கீழே பிளம்மர் என்ற சுரங்கத் தலைவர் தோண்டியபோதுதான் சாம்பியன் ரீஃப் அகப்பட்டது. முன்னோர் பல நூறு அடி ஆழம் வரை சென்று கல்லெடுத்திருந்தார்கள் என்பதே அங்கிருந்த சான்றுகளில் மிக வலுவானது. பொன் கிடைக்காத இடத்தில் எவரும் அத்தனை ஆழம் இறங்கியிருக்க மாட்டார்கள். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் அந்த வயல் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்று, 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன்னைத் தந்தது. தேவாலாவின் தோல்வியையும் கோலாரின் வெற்றியையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், அன்றைய முறைகள் இரண்டையும் முன்கூட்டி வேறுபடுத்திக் காட்டத் திறனற்றவையாக இருந்தன என்பது புலப்படும்.

1886-இல் லாங்லாக்டே பண்ணையில் கண்டறியப்பட்ட விட்வாட்டர்ஸ்ராண்ட் வயல் இவ்விரண்டிலிருந்தும் அமைப்பிலேயே வேறுபட்டது. அங்கே பொன் படிகக்கல் நரம்பில் இல்லை. பழம்பெரும் ஆறுகள் கொண்டுவந்து பரப்பிய கூழாங்கற்கள் இறுகி உண்டான கூழாங்கல் பாறைப் படுகையில், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகக் கலந்திருந்தது. படுகை பல கிலோமீட்டர் தொலைவு தொடர்ந்து, தெற்கு நோக்கிச் சரிந்து ஆழத்தில் இறங்கியது. மின்னும் கல் என்று ஒன்று இல்லாததால், கண்ணை நம்பி எதையும் தீர்மானிக்க வழியில்லை; ஒவ்வொரு முழமும் வெட்டி, உருக்கி, எடைபோட்டே அறிய வேண்டியிருந்தது. தரம் குறைவு, செலவு மிகுதி, இலாபம் மெல்லிய விளிம்பு என்பதால், டன்னுக்கு ஓரிரு பென்னிவெயிட் தவறினாலும் ஒரு சுரங்கம் நட்டத்தில் விழுந்துவிடும். 1890 வாக்கில், மேற்பரப்பின் சிதைந்த கல் முடிந்து கந்தகக் கனிமம் நிறைந்த கல் தோன்றியபோது பாதரசத்தால் அதிலிருந்து பொன்னைப் பிரிக்க முடியாமல் பங்குகள் சரிந்தன. 1887-இல் காப்புரிமை பெற்ற மக்ஆர்தர், ஃபாரஸ்ட் சயனைடு முறைதான் வயலை மீட்டது. கல்லில் உள்ள உலோகம் வேறு, கல்லிலிருந்து கைக்கு வரும் உலோகம் வேறு என்பதையும் மதிப்பீட்டாளர் அப்போது கற்றனர்.

ராண்டில் மாதிரி எடுப்பது அன்றாடக் கடமையாயிற்று. வெட்டுமுகத்தில் சுமார் ஐந்தடிக்கு ஒன்றாக இடத்தை முன்கூட்டியே அளந்து குறிப்பார்கள். கல் எப்படித் தோன்றினாலும் குறித்த இடத்தில்தான் வெட்ட வேண்டும். முதலில் பாறையின் முகத்தைக் கழுவித் தூய்மை செய்து, ரீஃபின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை, சில அங்குல அகலமும் ஓர் அங்குல அளவு ஆழமும் கொண்ட சீரான வாய்க்கால் ஒன்றைச் சுத்தியலாலும் உளியாலும் வெட்டி, தெறிக்கும் சில்லுகள் அனைத்தையும் தட்டில் ஏந்துவார்கள். கடினமான கூழாங்கல் பகுதி குறைவாகவும் நொறுங்கும் பகுதி மிகுதியாகவும் உதிர்வது இயல்பு. கார்பன் லீடர் எனப்படும் ரீஃபிலோ, பொன்னின் பெரும்பங்கு சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள, தொட்டால் உதிரும் கரிப் படலத்தில் செறிந்திருக்கும். அந்தப் படலத்தில் உளி சற்றே அகலமாக இறங்கினால் மாதிரியின் தரம் பொய்யாக உயர்ந்துவிடும்; ஒரு மனிதரின் மணிக்கட்டில் இருக்கும் கவனத்தைப் பொறுத்து ஒரு சுரங்கத்தின் கணக்கு மாறும்.

வெட்டிய சில்லுகளை அரைத்து, குவியலாக்கி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொள்வதைத் திரும்பத் திரும்பச் செய்து, இறுதியில் முப்பது கிராம் அளவுக்குக் குறைப்பார்கள். அந்தத் தூளை ஈய ஆக்ஸைடுடனும் இளக்கிகளுடனும் மூசையில் இட்டு உருக்கினால், உருகி இறங்கும் ஈயம் கல்லிலுள்ள பொன்னையும் வெள்ளியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு அடியில் தங்கும். எலும்புச் சாம்பலாலான சிறு கிண்ணத்தில் அந்த ஈயத்தைப் புடமிட்டால், ஈயம் சாம்பலுக்குள் உறிஞ்சப்பட்டு, பொன்னும் வெள்ளியும் கலந்த மணி ஒன்று மிஞ்சும்; நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்துவிட்டு எஞ்சும் பொன்னை நுண்தராசில் நிறுப்பார்கள். ஜெர்மானிய அறிஞர் அகிரிகோலா 1556-இல் வெளிவந்த தம் சுரங்கவியல் நூலில் விளக்கிய அடிப்படை முறை இதுவே. 2,000 பவுண்டு எடையுள்ள குறு டன்னுக்கு ஏற்றவாறு 29.166 கிராம் தூளை எடுத்துக்கொண்டால், மிஞ்சும் பொன் மணியில் ஒவ்வொரு மில்லிகிராமும் ஒரு டன் கல்லில் உள்ள ஓர் அவுன்ஸைக் குறிக்கும். தலைமுறை தலைமுறையாகச் சோதனைக்கூடங்களைப் பிழையின்றி நடத்திய எளிய ஏற்பாடு அது.

தரத்தை மட்டும் சொன்னால் போதாது என்பதால், ராண்டில் அகலத்தையும் தரத்தையும் பெருக்கி, அங்குல-பென்னிவெயிட் என்ற அளவைப் பயன்படுத்தினர். 10 அங்குல ரீஃபில் டன்னுக்கு 20 பென்னிவெயிட் இருந்தால் அதன் மதிப்பு 200. ஆனால் ஆள் நுழைந்து வேலை செய்வதற்காக 40 அங்குலம் வெட்டியாக வேண்டுமானால், வெறும் கல்லும் சேர்ந்து, ஆலைக்குப் போகும் தாதுவின் தரம் 5 பென்னிவெயிட்டாக இறங்கிவிடும். இந்த மதிப்புகளை வரைபடத்தில் குறித்து, சுரங்கப் பாதைகள் நான்கு பக்கமும் சூழ்ந்த ஒவ்வொரு பாறைக் கட்டத்துக்கும் விளிம்பு மாதிரிகளின் சராசரியை எழுதி, அவற்றைக் கூட்டினால் கிடைப்பதே தாது இருப்பு. ஆண்டு முடிவில், மாதிரிகளின்படி வந்திருக்க வேண்டிய பொன்னோடு ஆலையில் உண்மையாகக் கணக்கில் வந்த பொன்னை ஒப்பிட்டு அந்த விகிதத்தையும் பதிவு செய்தார்கள். தன் சொல்லைத் தானே ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளும் இந்தப் பழக்கமே ராண்டின் பெருஞ்சாதனை.

ராண்டின் பொன் சுரங்கங்களைப் பற்றி ஜே. ஏ. சால்மர்ஸுடன் இணைந்து 1895-இல் பெருநூல் எழுதிய பிரெடரிக் ஹெச். ஹேட்ச், சில ஆண்டுகளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குச் சுரங்க வல்லுநராக வந்தார். கோலார் வயலைப் பற்றிய அவருடைய ஆய்வும், ஹெச். ஹெச். ஹேடனுடன் சேர்ந்து வயநாட்டைப் பற்றிச் செய்த ஆய்வும் 1901-இல் துறையின் வெளியீடுகளாக வந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் மின்னும் கல்லைக் கொண்டு எழுப்பப்பட்ட கேள்விக்கு, ரீஃப் நெடுக முறையாக எடுத்த மாதிரிகளைக் கொண்டு அவர்கள் அளித்த விடை, இலாபத்துக்கு வெட்டத்தக்க பொன் அங்கே இல்லை என்பது. 1879-இல் அந்த உழைப்பைச் செலவிட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு மிஞ்சியிருக்கும்.

இதே காலத்தில் சொற்களையும் ஒழுங்குபடுத்த வேண்டிய தேவை எழுந்தது. பங்கு விற்போர் விரும்பி வழங்கிய ‘கண்ணெதிரே உள்ள தாது’ என்ற தொடர், நான்கு பக்கமும் திறந்து பார்த்த பாறையையும் குறித்தது, எவரும் பாராத ஆழத்தையும் குறித்தது. லண்டனில் இருந்த சுரங்க, உலோகவியல் கழகம் 1902-இல் அந்தத் தொடரின் பயன்பாட்டை நெறிப்படுத்த முயன்றது. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஹெர்பர்ட் ஹூவர், சுரங்கப் பொறியாளராக இருந்தபோது 1909-இல் எழுதிய பாடநூலில், தாதுவை மெய்ப்பிக்கப்பட்டது, பெரும்பாலும் இருக்கக்கூடியது, எதிர்பார்ப்புக்குரியது என மூவகையாகப் பிரித்தார். எவ்வளவு என்பதோடு எவ்வளவு உறுதியாக என்பதையும் சொல்ல வேண்டும் என்ற நெறி இங்கிருந்துதான் வேரூன்றுகிறது.

ஆனால் உறுதியை அளப்பது எப்படி என்ற கேள்வி எஞ்சியிருந்தது. பத்து மாதிரிகளில் ஒன்பது 3 பென்னிவெயிட்டும் ஒன்று 90 பென்னிவெயிட்டும் காட்டினால், சராசரி 11.7, அந்த ஒற்றை மாதிரியை நீக்கினால் 3. பொன் சுரங்கங்களில் இத்தகைய தனித்த உயர் மதிப்புகள் எப்போதும் வரும். அவற்றை எந்த அளவுக்கு வெட்டிக் குறைப்பது என்பது ஒவ்வொரு சுரங்கத்திலும் அனுபவத்துக்கும் துணிவுக்கும் விடப்பட்டிருந்தது. 1919-இல் ஜி. ஏ. வாட்டர்மையர் நிகழ்தகவுக் கோட்பாட்டைத் தாது இருப்புக் கணக்கில் புகுத்தினார்; 1929-இல் எஸ். ஜே. டிரஸ்காட் அதைத் தொடர்ந்தார். 1947-இல் ஹெர்பர்ட் சிஷெல், ராண்டின் மதிப்புகள் சமச்சீராகப் பரவாமல், அவற்றின் மடக்கைகள் சமச்சீராகப் பரவும் ஒழுங்கைப் பின்பற்றுவதாகக் காட்டினார். தாழ்ந்த மதிப்புகள் மிகப் பலவும் உயர்ந்தவை மிகச் சிலவுமாக அமைவதே இயற்கையின் ஒழுங்கு என்று தெளிந்ததும், அந்தச் சில மதிப்புகளை அஞ்சி வெட்டவும் வேண்டியதில்லை, அப்படியே நம்பவும் வேண்டியதில்லை என்றாயிற்று.

1919-இல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தின் போத்தாவில் என்ற ஊரில் பிறந்து, விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் பயின்ற டேனி கிரிகே, அரசுச் சுரங்கப் பொறியாளர் துறையில் பணியாற்றியபோது, ஆண்டுக்கணக்காகக் குவிந்திருந்த ராண்டின் மாதிரிப் பதிவேடுகளைப் புள்ளியியல் கண்ணோடு ஆராய்ந்தார். விளிம்பு மாதிரிகளின்படி மிக வளமானவை என்று கணக்கிடப்பட்ட கட்டங்கள் வெட்டும்போது எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், மிக வறியவை என்று ஒதுக்கப்பட்டவை எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவும் பொன் தருவதைச் சுரங்கக்காரர்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்திருந்தனர். அதன் காரணத்தை 1951-இல் தம் முதுநிலை ஆய்வேட்டிலும் கட்டுரையிலும் கிரிகே விளக்கினார். சுரங்கத்தின் பொதுச் சராசரி 8 என்றும், ஒரு கட்டத்தின் விளிம்பு மாதிரிகள் 20 என்றும் கொள்ளலாம். அந்த 20-இல் ஒரு பகுதி கட்டத்தின் உண்மையான வளம், மற்றொரு பகுதி மாதிரிகள் தற்செயலாக வளமான புள்ளிகளில் விழுந்த நற்பேறு. ஆகவே உண்மை மதிப்பு இரண்டுக்கும் இடையே, சான்றாக 14-ஐ ஒட்டி இருக்கும்; எவ்வளவு தூரம் சராசரியை நோக்கி இழுக்க வேண்டும் என்பதைப் பதிவேடுகளிலிருந்தே கணக்கிடலாம். யாரும் பொய் சொல்லாமல், யாரும் கவனம் பிசகாமல், வெறுமனே மிக வளமான கட்டங்களைத் தேர்ந்தெடுத்ததாலேயே ஒரு சுரங்கம் ஏமாறும் என்ற உண்மை இதனால் வெளிப்பட்டது. தேவாலாவில் கை செய்த தேர்வைத்தான் ராண்டில் வரைபடம் செய்து கொண்டிருந்தது.

அல்ஜீரியாவில் புவியியல் ஆய்வுப் பணியில் இருந்த பிரெஞ்சுக் கணிதவியலர் ஜார்ஜ் மத்தெரோன் கிரிகேயின் எழுத்துகளைப் படித்து, அவற்றுக்கு ஒரு முழுமையான கோட்பாட்டை 1960களின் தொடக்கத்தில் வகுத்தார். அருகருகே உள்ள மாதிரிகள் ஒத்திருக்கும், விலக விலக அந்த ஒப்புமை குறையும் என்பதே அதன் அடிப்படை. தொலைவு கூடக் கூட இரு மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாடு எப்படி வளர்கிறது என்று காட்டும் வரைகோட்டை வேரியோகிராம் என்பர். அதைக் கொண்டு, ஒரு கட்டத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மாதிரிக்கும் எவ்வளவு எடை தர வேண்டும் என்று கணக்கிடும் முறைக்குக் கிரிகேயின் நினைவாகக் கிரிகிங் என்ற பெயர் நிலைத்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பைத் தருவதோடு, அந்த மதிப்பு எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதையும் அது எண்ணாகவே தருகிறது. இன்று நிலத்தடி நீர், மண்வளம், மழையளவு, காற்று மாசு ஆகியவற்றை வரைபடமாக்குவோரும் இம்முறையையே கையாளுகின்றனர்.

கணிதம் முதிர்ந்த பிறகும் மனிதரின் ஆசை முதிரவில்லை என்பதை இரு நிகழ்வுகள் காட்டின. ஆஸ்திரேலியாவில் 1969-70-இல் பொசைடன் என்ற நிக்கல் நிறுவனத்தின் பங்கு ஒரு டாலருக்கும் கீழிருந்து சில மாதங்களில் 280 டாலர் வரை ஏறி வீழ்ந்தது. அந்த அனுபவத்திலிருந்து எழுந்த முயற்சிகள் 1989-இல் ஜார்க் விதித்தொகுப்பாக முடிந்தன. தாது வளத்தை ஊகிக்கப்பட்டது, சுட்டப்பட்டது, அளக்கப்பட்டது என்று படிப்படியாக அது பிரித்ததோடு, தகுதி பெற்ற ஒருவர் மதிப்பீட்டுக்குக் கீழே தம் பெயரை இட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் விதித்தது. அடுத்து, இந்தோனேசியாவின் புசாங்கில் ஏழு கோடி அவுன்ஸ் பொன் இருப்பதாகக் கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனம் அறிவித்ததை உலகமே நம்பியிருந்தபோது, 1997 மே மாதம் வெளியான தற்சார்புச் சோதனை அங்கே பொன் இல்லை என்றும், அரைத்த மாதிரிகளில் வெளியிலிருந்து பொன் கலக்கப்பட்டது என்றும் நிறுவியது. துளையிட்டு எடுத்த பாறைத் தண்டை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைச் சான்றாக வைத்திருப்பது தொழிலின் பழைய மரபு. புசாங்கில் தண்டு முழுவதையுமே அரைத்துவிட்டிருந்தனர். மாதிரிகளில் இருந்த பொன் துகள்கள் ஆற்றுப்படுகைப் பொன்னுக்கே உரிய உருண்ட விளிம்புகளைக் கொண்டிருந்தன. எத்தனை நுட்பமான சூத்திரமும், உள்ளே இட்ட எண் பொய்யானால், பொய்யையே நுட்பமாகத் திருப்பித் தரும். 2001-இல் கனடா கடுமையான வெளிப்படுத்தல் விதிகளை இயற்றியது. இந்தியா 2015-இல் இயற்றிய கனிம உள்ளடக்கச் சான்று விதிகளும், ஆய்வின் படிநிலையைக் குறிப்பிடாமல் எந்தக் கனிம இருப்பையும் சொல்லக்கூடாது என்ற கருத்தையே கொண்டவை.

மதிப்பீட்டில் இன்னும் ஓர் எண் இருக்கிறது. அது பாறையில் இல்லை, சந்தையில் இருக்கிறது. எந்தத் தரத்துக்குக் கீழே போனால் கல்லை வெட்டுவது நட்டமோ அந்த எல்லைத் தரம் விலையோடும் செலவோடும் மாறுவதால், நேற்றைய வெறும் கல் நாளை தாதுவாகலாம், தாது வெறும் கல்லாகலாம். கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது கீழே பொன் தீர்ந்துவிடவில்லை. அதை எடுக்கும் செலவு அதன் விலையைத் தாண்டியிருந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் ஆலைகள் அரைத்துத் தள்ளிய தூள், இன்றும் அந்நகரைச் சுற்றி மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட சயனைடு மேடுகளாகக் கிடக்கிறது. கழிவென்று ஒதுக்கிய அந்த மேடுகளில் எஞ்சியிருக்கும் பொன்னை மீட்பது பற்றி, விலை உயர்ந்தபின் மீண்டும் பேசுகிறார்கள். மனிதர் தம் கையாலேயே அரைத்து, தம் கண்ணெதிரிலேயே குவித்த மேடு அது. அதற்குள்ளும் எவ்வளவு பொன் இருக்கிறது என்று அறிய, மேட்டின் மீது சம இடைவெளியில் இடங்களைக் குறித்து, கண்ணுக்குப் பிடித்த இடத்தில் அல்லாமல் குறித்த இடத்தில் துளையிட்டு, எடுத்த தூளைக் குவித்து, நான்காகப் பிரித்து, மூசையிலிட்டு உருக்கத்தான் வேண்டியிருக்கிறது. தேவாலாவில் தவறவிடப்பட்டதும், ராண்டில் கற்றுக்கொள்ளப்பட்டதும் அந்தக் குறித்த இடத்தில் துளையிடும் ஒழுக்கமே.